சமமாக நின்ற வண்டி

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கொரின் வோலன் தன் காரை வெர்னா ஸ்லெட்டனின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காற்று பனியைப் பொடியாக்கித் தெருவோடு இழுத்துக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்த லைல் பாஸ்கம், “உள்ள வரலாமா திரும்பிப் போயிடலாமான்னு யோசிக்கிறா போல. நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்த வெர்னா, மூன்றாவது காபிக் கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அமெரிக்காவின் மொன்டானா மாநில நெடுஞ்சாலையில், வண்டிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடை ஒன்றில் வெர்னா இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒரு வண்டி மேடை மேல் ஏறுவதற்கு முன்பே, அது நிற்கிற தோரணையை வைத்து எங்கே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் டன்மோர் ஊர்க்காரர்கள் தங்களுக்குப் புரியாத சங்கதிகளை அவரிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். காணாமல் போன கன்றுகள், கையெழுத்தில்லாத கடிதம், இப்படி. பள்ளிப் பேருந்து ஓட்டும் லைலுக்குக் காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் ஆறு மணி நேரம் சும்மா கிடந்தது. அந்த ஆறு மணி நேரத்தையும் அவன் வெர்னாவின் சமையலறையில்தான் கழித்தான்.

கொரின் உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அவள் கணவன் டெல்மர் இறந்து வரும் வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது.

“டெல்மரோட வண்டி வீட்டுக்கு வருது வெர்னா. மூணு வியாழக்கிழமையா” என்றாள்.

லைல் கோப்பையைக் கீழே வைத்தான். டெல்மரின் வண்டி ஆன்ட்லர் இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து நசுங்கிப்போனது ஊருக்கே தெரியும்.

அவள் சொன்னது இது. பொதுச் சாலையிலிருந்து அவர்கள் பண்ணை வீட்டுக்கு அரை மைல் நீளத்தில் ஒரு பாதை. அந்தப் பாதை அவர்கள் வீட்டோடு முடிந்துவிடுகிறது, வேறெங்கும் போவதில்லை. மூன்று வியாழக்கிழமைகளாக, பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கும் நேரத்தில், சமையலறை ஜன்னல் வழியாக வண்டி வெளிச்சம் உள்ளே வருகிறது. பின்சுவரில் ஏறி, காலண்டருக்கும் மேலே, கூரையை ஒட்டிப் போய் நிற்கிறது. அறுபது எண்ணுகிற நேரம் அங்கேயே இருக்கிறது. பிறகு மெல்ல நகர்ந்து அணைகிறது. அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் காற்று மட்டும்தான் மிஞ்சுகிறது. முதல் தடவை பயந்தாள். இரண்டாவது தடவை காத்திருந்தாள். மூன்றாவது தடவை டெல்மரின் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வைத்தபிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது.

“யாராவது வழி தவறி வந்திருப்பாங்க” என்றான் லைல்.

“மத்த வண்டிங்க வெளிச்சம் சன்னல் உயரத்துக்குத்தான் வரும் லைல். கூரைக்குப் போனது அவர் வண்டி மட்டும்தான். அதுவும் கடைசிப் பத்து நாள் மட்டும்.”

அந்தப் பத்து நாளின் கதையையும் சொன்னாள். பிக்கப் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். பின்னால் பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாகிவிடும் என்பதற்காக அப்படி. டெல்மருக்கு அந்த நிற்பு பிடிக்காது. மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி நிற்கிறது என்பான். அவனுடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு, முன் ஸ்பிரிங்குகளின் மேல் வைத்து முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கும் இரண்டு கனமான வளையங்களைக் கொரின் வாங்கிக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டகையில் படுத்துப் புரண்டு அவனே மாட்டினான். வெறும் வண்டி பார்க்க அழகாகத்தான் நின்றது. மாட்டு டிரெய்லரைக் கொக்கியில் பூட்டி ஏற்றியதும் வழக்கம்போல் பின்பக்கம் அமுங்கியது. முன்பக்கம் ஏற்கெனவே உயர்ந்திருந்ததால் வண்டி வானத்தைப் பார்த்தது. இரண்டு முறை பாரத்தோடு வீடு திரும்பினான். இரண்டு முறையும் வெளிச்சம் கூரைக்குப் போனது. இருவரும் சிரித்தார்கள். விளக்கைத் திருத்தி இறக்கவேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தான். திருத்தவில்லை.

பதினோராம் நாள் காலை, பக்கத்துப் பண்ணை ஹார்லன் டீக்கின் இரண்டு காளைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது வண்டி ஆன்ட்லர் இறக்கத்தில் கட்டுமீறியது. பாரம் பின்னால் அழுத்தி, மூக்கு தூக்கி, முன்சக்கரங்கள் தரையைப் பிடிக்கவில்லை, ஸ்டீயரிங் கேட்கவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தின் போலீஸ் அறிக்கை அப்படித்தான் சொன்னது. ஊரும் அப்படித்தான் சொன்னது.

“எல்லாரும் உன் தப்பு இல்லன்னு சொல்றாங்க. சொல்லிட்டுத் தரையப் பாக்கறாங்க” என்றாள் கொரின். “அவர் வர்றார்னா எதுக்கு வர்றார்னு எனக்குத் தெரியணும்.”

வெர்னா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் காலையை ஆரம்பத்திலிருந்து சொல்லும்படி கேட்டார்.

சொல்ல அதிகம் இருக்கவில்லை. இரண்டு வாரம் முன்னால் ஹார்லனை அந்தக் காளைகளில் ஒன்று இடுப்பில் உதைத்திருந்தது. அறுபது மைல் உட்கார்ந்து வண்டி ஓட்ட அவரால் முடியாது. அதனால் டெல்மர் தான் கொண்டுபோவதாக ஒத்துக்கொண்டான். விடியுமுன் டெல்மர் மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டி உடைக்கப் போனான். அந்த நேரத்தில் ஹார்லன் வந்து டெல்மரின் வண்டியையும் டிரெய்லரையும் தன் தொழுவத்துக்கு ஓட்டிப்போய், காளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். டெல்மர் தொட்டியிலிருந்து நேராக வண்டியிடம் போனான்.

“கடைசியா அவர் முகத்தக்கூட நான் பாக்கல வெர்னா. சன்னல்கிட்ட பாத்திரம் கழுவிட்டு நின்னேன். ஹார்லன் வண்டிய வீட்டப் பாத்து நிறுத்தினாரு. வெளிச்சம் நேரா கண்ணுல அடிச்சுது. சோப்புக் கையோட மறைச்சேன். சோப்பு கண்ணுக்குள்ள போயிடுச்சு. கழுவிட்டு நிமிர்றதுக்குள்ள வண்டி திரும்பிப் போயிடுச்சு.”

வெர்னா இரண்டே கேள்விகள் கேட்டார். அதே சன்னல்தானா? அதே சன்னல்தான். நின்றுகொண்டிருந்தாயா, உட்கார்ந்திருந்தாயா? நின்றுகொண்டிருந்தேன். வியாழக்கிழமை மதியம் வருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

கார் போனதும் லைல் தன் யூகங்களைக் கொட்டினான். நசுங்கிய வண்டியை யாரோ சரிசெய்து ஓட்டுகிறார்களோ? கொரினைப் பயமுறுத்திப் பண்ணையை விற்கவைக்கப் பார்க்கிறார்களோ? அவனுக்கே இரண்டும் ஒட்டவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நிஜமாவே டெல்மர்தான்னா?” என்றான். பிறகு தன்னைத்தானே கேலி செய்துகொள்வதுபோல், “அப்படின்னா பேய்க்கு டிரெய்லர் எதுக்கு இன்ஸ்பெக்டர்?” என்றான்.

“நல்ல கேள்வி கேட்ட லைல். அத விட்றாத” என்றார் வெர்னா. “வெளிச்சம் கூரைக்குப் போகுதுன்னா அங்க நிக்கிறது முன்பக்கம் தூக்கின வண்டி. பின்னால நிறைய பாரம் இருக்கு. பேயோ மனுஷனோ, வெறுங்கையோட வரல.”

மறுநாள் இருவரும் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார்கள். அறிக்கை மூன்று பக்கம். வண்டி புறப்பட்டதைப் பார்த்த ஒரே சாட்சி ஹார்லன். காளைகளை டிரெய்லரின் முன்பாதியில் ஏற்றி நடுக்கதவைத் தானே சாத்தியதாகவும், வண்டி ‘படகு மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு’ போனதாகவும் சொல்லியிருந்தார். அறிக்கையோடு புகைப்படங்கள் இருந்தன. அன்று சாலையில் புதுப்பனி அரை அங்குலம் படிந்திருந்தது. சக்கரத் தடங்கள் தெளிவாக விழுந்திருந்தன.

வெர்னா ஒரு படத்தை லைலின் பக்கம் திருப்பி வைத்தார். நேரான இறக்கம். வளைவு இன்னும் நூறு கஜத்துக்கு அப்பால். அந்த நேர்ச் சாலையிலேயே டிரெய்லரின் தடம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம், பிறகு சாலை அகலம் முழுக்க. பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்றான் லைல். வெர்னா எதுவும் விளக்காமல் படத்தைத் திரும்ப உறையில் போட்டார்.

அடுத்து பழைய இரும்புக் கிடங்கு. டெல்மரின் டிரெய்லர் வேலியோரமாகக் கிடந்தது. குளிருக்காகப் பக்கவாட்டுத் திறப்புகளில் டெல்மர் அடித்திருந்த பலகைகள் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே என்ன நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்திருக்க முடியாது. லைல் பின்பக்கமாக ஊர்ந்து உள்ளே போனான். டிரெய்லரை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கதவு சாத்தியபடியே தாழ்ப்பாளோடு வளைந்திருந்தது. ஹார்லன் சாத்தினேன் என்று சொன்னதும் அதையேதான், சரியாகத்தானே இருக்கிறது என்று உள்ளேயிருந்து கத்தினான்.

“கதவு எந்தப் பக்கம் புடைச்சிருக்கு?” என்று கேட்டார் வெர்னா.

லைல் கையால் தடவிப் பார்த்தான். முன்பக்கமாக. பெரிய பானை கவிழ்த்தது போல, இரண்டு இடத்தில்.

“சரி, வெளிய வா. துரு குத்திடப்போகுது” என்றார். அவர் குரலில் ஒரு கசப்பு இருந்தது.

ஹார்லன் டீக்கை ஊர் உணவகத்தில் பார்த்தார்கள். அறுபத்திரண்டு வயது. பெரிய உடம்பு. உட்காரும்போதும் எழும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வெர்னா எதிரில் உட்கார்ந்து, மாடுகளைப் பற்றி, பனியைப் பற்றிப் பேசினார். பிறகு சாதாரணமாக, தன் அக்கா மகன் பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கப் போகிறானாம், டிரெய்லர் இழுப்பவன், செய்யலாமா என்று யோசனை கேட்டார்.

“வேண்டாம்னு சொல்லுங்க” என்றார் ஹார்லன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டெல்மருக்கு ஆனது தெரியும்ல.”

வெர்னா நன்றி சொல்லி எழுந்தார். வாசலில் நின்றிருந்த ஹார்லனின் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி லைலிடம் சொல்லியிருந்தார். இலையுதிர்காலத்தில் ஹார்லன் புதிதாக வாங்கிய வண்டி அது. லைல் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

“சக்கரக் கூண்டுக்குள்ள குனிஞ்சு பாத்தேன். புது வளையம் ரெண்டும் பளபளன்னு இருக்கு. அவரும் தூக்கியிருக்காரு. இப்பத்தான் தூக்கியிருக்காரு. பின்னால டிரெய்லர் கொக்கியும் தேஞ்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டான். “டெல்மரக் கொன்னதே அதுதான்னு ஊர் முழுக்கச் சொன்னவரு, தன் வண்டியில அத ஏன் மாட்டணும்?”

“டெல்மரக் கொன்னது அது இல்லன்னு அவருக்குத் தெரியும். அதனால” என்றார் வெர்னா. “வியாழக்கிழமை சந்தை நாள். சாயங்காலம் மாடு ஏத்திக்கிட்டு அந்த ரோட்லதான் திரும்பி வருவாரு.”

வியாழக்கிழமை லைல் மாலை ஓட்டத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, காலிப் பேருந்தோடு கொரின் வீட்டுப் பாதை தொடங்கும் இடத்துக்கு எதிரே, பாலத்தின் மறைவில் காத்திருந்தான். வெர்னா சமையலறையில் கொரினோடு உட்கார்ந்திருந்தார். விளக்கு போடவில்லை. நாலரை மணிக்கெல்லாம் சன்னலில் நீலம் கறுத்துவிட்டது. அடுப்பு மட்டும் சன்னமாக இரைந்தது. கொரின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்சுவரையே பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவள் காத்திருந்தது டெல்மருக்குத்தான் என்பது வெர்னாவுக்குப் புரிந்தது. இன்னும் சில நிமிஷத்தில் அவனை அவளிடமிருந்து இரண்டாம் தடவை பறிக்கப்போகிறோம் என்பதும் புரிந்தது.

வெளிச்சம் வந்தது. ஓசையில்லாமல் காலண்டரைத் தாண்டி ஏறி, கூரைப் பலகையின் விளிம்பில் நின்று, லேசாக நடுங்கியது. கொரின் எழுந்துவிட்டாள். அவள் உதடுகள் அசைந்தன. வெர்னா அவள் தோளைத் தொட்டு, “நான் போய்ப் பேசறேன். நீ இங்கயே இரு” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

பாதையின் நடுவே, வைக்கோல் கட்டுகள் அடுக்குவதற்காக அகலமாக விட்டிருந்த இடத்தில் வண்டி நின்றிருந்தது. பின்னால் மாட்டு டிரெய்லர். அதற்கும் பின்னால், பாதை முனையை முழுசாக அடைத்துக்கொண்டு லைலின் மஞ்சள் பேருந்து. வெர்னா கண்ணாடியைத் தட்டினார். ஹார்லன் ஸ்டீயரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தப்பிக்கப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கி, “ஒவ்வொரு தடவையும் இதுவரைக்கும்தான் வரமுடியுது” என்றார்.

நால்வரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். கொரின் ஹார்லனை அடையாளம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா அவளைப் பார்த்தே பேசினார்.

“கொரின், அந்தக் காலையில வெளிச்சம் உன் கண்ணுல அடிச்சுதுன்னு சொன்ன. துக்கத்துல சொன்ன. ஆனா கேஸ் முழுக்க அதுலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி பாரத்தோட வந்த ரெண்டு தடவையும் வெளிச்சம் எங்க போச்சு?”

“கூரைக்கு.”

“அன்னிக்கு ரெண்டு காளை. ஒவ்வொண்ணும் ரெண்டாயிரம் பவுண்டு. முன்பாதியில நின்னா அந்த எடை கொக்கியில இறங்கி, வண்டியோட பின்பக்கத்த நல்லா அமுக்கியிருக்கும். வெளிச்சம் கூரையத் தொட்டிருக்கணும். ஆனா உன் கண்ணுக்கு நேரா அடிச்சுது. வெறும் வண்டி மாதிரி. விளக்கயும் யாரும் திருத்தல. அப்படின்னா கொக்கி மேல எடையே இல்ல.”

லைல் குறுக்கிட்டான். காளைகள் டிரெய்லரில் இருந்தது நிச்சயம், பள்ளத்தில் செத்துக் கிடந்தனவே என்றான்.

“இருந்துச்சு. பின்பாதியில இருந்துச்சு” என்றார் வெர்னா. “டிரெய்லரோட சக்கரம் நடுவுக்குக் கொஞ்சம் பின்னாலதான் இருக்கு. பாரம் முழுக்க அதுக்கும் பின்னால போயிட்டா, டிரெய்லர் கொக்கிய அமுக்காது, மேல தூக்கும். சீசா பலகை மாதிரி. அப்படி ஏத்தின டிரெய்லர் மெதுவாப் போறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. இறக்கத்துல வேகம் எடுத்ததும் வால் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பிச்சா நிக்காது. எடைமேடையில நான் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். அந்தப் படத்துல பாம்புத் தடம் பாத்தியே லைல், அதான் இது. முன்சக்கரம் பிடிக்காம போயிருந்தா, வளைவுல வண்டி திரும்பாம நேரா ஓடியிருக்கும். இது வளைவுக்கு முன்னாலயே, நேர் ரோட்டுலயே, வாலுலேருந்து ஆரம்பிச்சுது.”

நடுக்கதவைப் பற்றியும் சொன்னார். டிரெய்லர் பள்ளத்தில் மோதியபோது காளைகள் முன்னால் தூக்கி எறியப்பட்டிருக்கும். அவை முன்பாதியில் இருந்திருந்தால் மூக்குச் சுவரில் மோதியிருக்கும். கதவு முன்பக்கமாகப் புடைத்திருக்கிறது என்றால், அவை கதவுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன.

“மூக்கத் தூக்கிக்கிட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்தீங்க ஹார்லன். மூக்கத் தூக்கின வண்டி இவ கண்ணுல வெளிச்சம் அடிக்க முடியாது.”

ஹார்லன் தொப்பியை முழங்காலின்மேல் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

“உள்ள போக பயமா இருந்துச்சு” என்றார்.

நாற்பது வருஷம் மாடு மேய்த்தவர். உதைபட்ட நாளிலிருந்து மூடிய இடத்தில் காளையோடு நிற்க அவரால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். அந்தக் காலையில் டிரெய்லரின் நடுக்கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. அதைத் திறந்து, காளைகளை முன்பாதிக்கு ஓட்டி, அவற்றின் வாலுக்குப் பின்னால் நின்று மறுபடி சாத்தவேண்டும். உள்ளே கால் வைத்தார். சிவப்புக் காளை தலையைத் திருப்பிப் பார்த்தது. வெளியே வந்துவிட்டார். இரண்டையும் பின்பாதியில் ஏற்றி வால்கதவை அடைத்தார். டெல்மரிடம் சொல்லிவிடலாம், அவன் வந்து மாற்றிவிடுவான் என்று நினைத்தபடிதான் இங்கே ஓட்டி வந்தார்.

“சொல்லலையா?” என்றாள் கொரின். அன்று மாலை அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“சொல்லத்தான் வாயத் திறந்தேன். அவன் வண்டியச் சுத்தி வந்து பாத்தான். சிரிச்சான். ‘பரவால்லையே ஹார்லன், இன்னிக்குத்தான் சமமா நிக்குது, நல்லா ஏத்தியிருக்கீங்க’ன்னான். அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல.”

சாவுக்குப் பிறகு ஷெரிஃபின் உதவி அதிகாரி வந்து, முன்பக்கம் தூக்கியிருந்ததே, அதனாலா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. கொரின் அதைக் கேட்டு வாழவேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது வாரங்கள் கடந்திருந்தன. இலையுதிர்காலத்தில் வேண்டுமென்றே தன் வண்டியையும் அதேபோல் தூக்கினார். தினமும் அதில் டிரெய்லர் இழுத்தார். ஒருவேளை உண்மையிலேயே அதுதான் காரணமாக இருக்காதா என்று பார்ப்பதற்காக. ஒன்றும் ஆகவில்லை. கொக்கியைச் சரியாகத் திருத்திப் பூட்டி, பாரத்தை முன்னால் வைத்தால் வண்டி போகிறது. ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாக இருக்கும், அவ்வளவுதான்.

லைல் கோபத்தில் சிவந்திருந்தான். அப்படியானால் கொரின்மேல் ஒரு துளித் தவறும் இல்லை, நாளைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிடலாம் என்றான். கொரின் அவனைப் பார்க்கவில்லை. வெர்னாவைத்தான் பார்த்தாள்.

“சமமா நிக்குதுன்னு ஏன் சொன்னார்?” என்று கேட்டாள்.

வெர்னா பதில் சொல்லத் தயங்கினார். லைல் அவரை அதுவரை தயங்கிப் பார்த்ததில்லை.

“என்கிட்ட மறைக்காதீங்க வெர்னா.”

“முப்பது வருஷமா அவன் கண்ணு ஒரு கணக்குப் பழகியிருந்துச்சு கொரின். தூக்காத வண்டி. சரியா பாரம் ஏத்தினா சமமா நிக்கும். அவன் இறங்கிச் சுத்தி வந்து ஒரு பார்வை பாப்பான், சமமா இருந்தா கிளம்புவான். இங்க எல்லாரும் அப்படித்தான். வளையம் மாட்டினப்புறம் அந்தக் கணக்கு தலைகீழாயிடுச்சு. இப்ப சமமா நின்னா கொக்கியில எடை இல்லன்னு அர்த்தம். பழைய வண்டியா இருந்தா, அன்னிக்குப் பின்பக்கம் தூக்கி, மூக்கு கீழ போயிருக்கும். பாத்த உடனே கதவத் திறந்து பாத்திருப்பான்.”

“அப்ப என் பரிசுக்கும் பங்கு இருக்கு.”

“இருக்கு” என்றார் வெர்னா.

லைல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெர்னா கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

கொரின் வெகுநேரம் மேஜையின் மரத்தையே பார்த்தாள். அழுவாள் என்று ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. மூச்சை நீளமாக இழுத்து விட்டாள். தோள்கள் இறங்கின. கோட்டைக் கழற்றாமலே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அதை இப்போதுதான் கழற்றியது போல இருந்தது வெர்னாவுக்கு.

“ஒரு வருஷமா எல்லாரும் இல்ல இல்லன்னாங்க” என்றாள். “ஆமான்னு ஒருத்தர் சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு.”

பிறகு ஹார்லனிடம் திரும்பினாள். நாளைக் காலை ஷெரிஃப் அலுவலகம் திறக்கும்போது இருவரும் அங்கே இருக்கவேண்டும் என்றாள். அவர் தன் வாக்குமூலத்தை மாற்றி எழுதித் தரவேண்டும், வளையத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதைத் தானும் சொல்வதாகச் சொன்னாள். அவரை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வெளியே டிரெய்லரில் ஒரு மாடு காலை மாற்றி நின்று தகரத்தை இடித்தது. எவ்வளவு நேரமாக ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கொரின் கேட்டாள். மதியத்திலிருந்து என்றார் ஹார்லன். நான்கு பசுக்கள், ஒரு காளை. சந்தையில் ஆட்கள் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் எப்படி இறக்குவது என்று ஒவ்வொரு வியாழனும் வழியெல்லாம் அதே நினைப்புதான் என்றார்.

“இந்தக் குளிர்ல இன்னும் நிக்கவைக்கக் கூடாது. இங்கயே இறக்கிடலாம். தொழுவத்துல இடம் இருக்கு” என்று கொரின் எழுந்தாள். ஆணியில் தொங்கிய கனத்த கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். பூட்ஸை இறுக்கினாள். ஹார்லன் எழுந்து நின்றார். ஆனால் நகரவில்லை.

“நீங்க வெளிய நின்னு கதவப் பிடிங்க ஹார்லன்” என்றாள். “உள்ள நான் போறேன்.”